பழி சுமந்த தாய்மாரும் பக்கத்தில் நின்ற உளவியலாளர்களும்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, விசேட கல்வியிலும் உளவியலிலும் தொழில் செய்யும் பழைய மாணவிகள் சிலர் கூடிப் பேசினோம். கல்லூரியின் வரலாற்றை எழுத எம்மிலும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். எமக்குத் தெரிந்தது எமது தொழிலின் வரலாறு. அதற்கும் ஏறக்குறைய எமது கல்லூரியின் வயதுதான். ஆகவே அதையே எழுதத் துணிந்தோம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சங்கத்தின் ஒன்றுகூடல் கொழும்பில் நடந்தாலும், லண்டனிலோ ரொறன்ரோவிலோ நடந்தாலும், சாப்பாட்டு வேளையில் எம்மைத் தேடி வந்து ஒரு பக்கமாக அழைத்துப் பேசும் ஓர் அக்காவோ தங்கையோ இருப்பார். மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. விளையாட்டுக் காரை ஓட்டாமல் அதன் சில்லை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறான். வைத்தியர் 'ஓட்டிசம்' என்று எழுதித் தந்துவிட்டார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "நான் வேலைக்குப் போனதாலையா பிள்ளைக்கு இப்படி வந்தது? மாமி அப்படித்தான் சொல்லுறா."

இல்லை என்பதே எமது விடை. இன்று நாம் தயக்கமின்றிச் சொல்லும் இந்தச் சொல்லைச் சொல்ல உளவியலுக்கு நீண்ட காலம் எடுத்தது. தாயைக் குற்றவாளியாக நிறுத்திய துறையே பின்னர் அவரைத் தன்னோடு வேலை செய்பவராக ஏற்றுக்கொண்டது. அந்த மாற்றத்தை ஏற்படுத்திய சில உளவியலாளர்களின் தொழில் வாழ்க்கையை, அவர்கள் விட்ட பிழைகளையும் மறைக்காமல், இங்கே சொல்ல விரும்புகிறோம்.

இரு கல்லூரித் தோழிகள்

கதை ஒரு பெண்கள் கல்லூரியில் தொடங்குகிறது என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நியூயோர்க் மாநிலத்திலுள்ள வாசர் கல்லூரியில் 1919இல் பட்டம் பெற்றுச் சென்றவர்களில் ரொசலி ரேனர், மேரி கவர் என்ற தோழிகள் இருவரும் அடங்குவர். ரேனர் பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, நடத்தை உளவியலின் முன்னோடியான ஜோன் வொட்சனின் உதவியாளரானார். இருவரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு உளவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்தது. அல்பர்ட் என்ற குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் பின்னாலிருந்து பெருஞ்சத்தம் எழுப்பி, எலியைக் கண்டாலே அழும்படி செய்துவிட்டார்கள். பயத்தைக் கற்பிக்கலாம் என்று நிறுவினார்களே தவிர, அந்தக் குழந்தையின் பயத்தைப் போக்கி அனுப்பவில்லை.

வொட்சனின் விரிவுரையைக் கேட்ட மேரி கவருக்கு எழுந்தது மறுபக்கக் கேள்வி. பயத்தைக் கற்பிக்க முடியுமானால், அதை மறக்கச் செய்யவும் முடியாதா? திருமணத்தின் பின் மேரி கவர் ஜோன்ஸ் என்று அறியப்பட்ட அவர், பீற்றர் என்ற மூன்று வயதளவான சிறுவனோடு வேலை செய்தார். அவனுக்கு முயலென்றால் பயம். பஞ்சைக் கண்டாலும் பயம். பீற்றர் விருப்பமான உணவைச் சாப்பிடும் வேளையில், கூட்டில் அடைத்த முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார்கள். அவன் அழாத தூரமே எல்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக முயல் கிட்ட வந்தது. ஈற்றில் பீற்றர் அதைத் தடவி விளையாடினான். 1924இல் இந்த ஆய்வு வெளிவந்தது. சிறு சிறு படிகளாகப் போவது, பிள்ளைக்கு விருப்பமான ஒன்றைத் துணையாகக் கொள்வது, அழும் அளவுக்குத் தள்ளாமல் இருப்பது ஆகிய மூன்றும் இன்றும் எமது அன்றாட வேலையின் அத்திவாரம். பிற்காலத்தவர் அவரை 'நடத்தைச் சிகிச்சையின் தாய்' என்று அழைத்தார்கள். ஆனால் கலிபோர்ணியாவில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அந்தப் பெண்மணிக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1959இல்தான். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

வொட்சன் வேறு வழியில் போனார். 1928இல் அவர் வெளியிட்ட பிள்ளை வளர்ப்பு நூலில், தாயின் அளவு மீறிய அன்பு பிள்ளையைக் கெடுத்துவிடும், கட்டியணைக்கவோ முத்தமிடவோ வேண்டாம் என்று புத்தி சொன்னார். தாய் மீதான முதற்குற்றச்சாட்டு அன்பு கூடிவிட்டது என்பதாக இருந்தது. இரு தசாப்தங்களுக்குள் அது நேரெதிராகத் திரும்பியது.

'அன்பில்லாத தாய்' என்ற பழி

1943இல் அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பணியாற்றிய சிறுவர் மனநோய் வைத்தியர் லியோ கனர், பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எட்டு ஆண்கள், மூன்று பெண்கள். தனிமையில் நிறைவு காண்பதும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் அவர்களுக்குப் பொதுவாக இருந்தன. ஓட்டிசம் மருத்துவ உலகில் தனியொரு நிலையாக அடையாளம் காணப்பட்டது அந்தக் கட்டுரையினால்தான். இந்த இயல்பு பிறவியிலேயே வருவது என்று கனர் எழுதினார். ஆனால் அந்தப் பெற்றோரிடையே மனம் நெகிழ்ந்து பழகுபவர்கள் குறைவு என்றும் சேர்த்து எழுதினார். சில ஆண்டுகளில் முதற்கூற்று மறக்கப்பட்டது. இரண்டாவது கூற்று பரவியது. உறைபனி போன்ற குளிர்ந்த மனமுடைய தாய் என்ற பொருளில் 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற சொல் வழக்குக்கு வந்தது.

இதை உச்சத்துக்குக் கொண்டு சென்றவர் சிக்காகோவின் புருனோ பெட்டல்ஹைம். நாசிகளின் டக்காவ், புக்கன்வால்ட் தடுப்பு முகாம்களில் அடைபட்டிருந்து தப்பியவர் அவர். ஓட்டிசப் பிள்ளையின் வீட்டையும் அந்த முகாமோடு ஒப்பிட்டார். பிள்ளை இல்லாதிருந்தால் நல்லது என்ற பெற்றோரின் உள்மன விருப்பமே நோயைத் தூண்டுகிறது என்று 1967இல் வெளிவந்த நூலில் எழுதினார். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் வைப்பதே அவர் கண்ட மருந்து. நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு இரவு பகலாகத் தூங்காமல் இருந்த தாய்மார், வைத்தியரிடம் போய்த் தம்மையே பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

டிக்கியின் மூக்குக்கண்ணாடி

ஆசிரிய கலாசாலையில் படித்தவர்களுக்கு ஸ்கின்னரின் 'மீளவலியுறுத்தல்' நினைவிருக்கும். ஒரு செயலைத் தொடர்ந்து நல்ல விளைவு கிடைத்தால் அந்தச் செயல் மீண்டும் நிகழும் என்பது அதன் சாரம். ஸ்கின்னரோடு சேர்ந்து நூல் எழுதிய சார்ல்ஸ் பேர்ஸ்டர், இந்தியானா பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் மனநோய் வைத்தியர் மரியன் டிமையரோடு சேர்ந்து, இந்த விதி ஓட்டிசப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்று 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதித்தார். பொருந்தியது. கற்கவே முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் கற்றார்கள். ஆனால் 1961இல் பேர்ஸ்டர் எழுதிய கட்டுரையும், பிள்ளையின் குறைகளுக்குப் பெற்றோர் நடந்துகொண்ட விதம் காரணமாகலாம் என்றே விளக்கியது. பழி அவரையும் விட்டுவைக்கவில்லை.

வழியைத் திறந்தது வொஷிங்டன் மாநிலத்தில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனோடு செய்த வேலை. ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் டிக்கி. கண்புரைக்காக அவனுடைய கண்வில்லைகள் அகற்றப்பட்டிருந்தன. மூக்குக்கண்ணாடி அணியாவிட்டால் பார்வை பறிபோய்விடும் என்று கண்வைத்தியர்கள் எச்சரித்திருந்தார்கள். அவனோ கண்ணாடியைத் தொடவிடமாட்டான். தலையை மோதிக்கொண்டு அலறுவான். மொன்ட்றோஸ் வூல்வ், ரொட் றிஸ்லி, ஹேடன் மீஸ் ஆகிய மூவரும் மேரி கவர் ஜோன்ஸின் வழியிலேயே போனார்கள். முதலில் வில்லையில்லாத வெறும் சட்டங்கள் அறையெங்கும் வைக்கப்பட்டன. எடுத்தால் ஒரு துண்டு இனிப்போ பழமோ கிடைக்கும். கையில் வைத்திருந்தால், முகத்தருகே கொண்டுபோனால், கண்ணுக்கு நேரே பிடித்தால் என்று படிகள் நகர்ந்தன. இடையில் வேலை சறுக்கியதும் உண்டு. சிற்றுண்டியையும் ஐஸ்கிறீமையும் துணைக்கு எடுத்தார்கள். ஈற்றில் டிக்கி நாளொன்றுக்குப் 12 மணிநேரம் கண்ணாடியோடு இருந்தான்.

1964இல் வெளியான அந்தக் கட்டுரையில் எமக்கு முக்கியமானது இன்னொரு செய்தி. பெற்றோரை விலக்கி வைக்காமல், அவன் வீடு திரும்பும் முன் என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று அவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். தாயைப் பிரிப்பதே மருந்து என்று சிக்காகோவில் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், தாயைப் பயிற்றுவதே மருந்தின் ஒரு பகுதி என்று இவர்கள் செய்து காட்டினார்கள்.

ஒரு தந்தையின் புத்தகம்

பெர்னாட் றிம்லன்ட் அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர். 1956இல் பிறந்த மகன் மார்க் ஓயாமல் அழுதான், யாரையும் பார்க்கமாட்டான். உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தும் றிம்லன்டுக்கு ஓட்டிசம் என்ற சொல்லே தெரிந்திருக்கவில்லை. இப்படியொரு பிள்ளையைப் பற்றிக் கல்லூரிப் பாடநூலொன்றில் வாசித்த ஞாபகம் வந்தது அவருடைய மனைவிக்கு. பெட்டியில் கிடந்த பழைய புத்தகத்தைத் தேடியெடுத்தபோதுதான் அந்தச் சொல் அகப்பட்டது.

கிடைத்த ஆய்வுகள் அனைத்தையும் தேடி வாசித்த றிம்லன்ட் 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். தாயின் குளிர்ந்த மனம் காரணம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, இது உடலியல் சார்ந்தது என்று வரிசையாக நிறுவினார். முன்னுரை எழுதியவர் கனரே. பெற்றோரிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 1965இல் நியூஜேர்சியில் கூடிய பெற்றோர், ஓட்டிசப் பிள்ளைகளுக்கான தேசிய சங்கத்தைத் தொடங்கினார்கள். 1969இல் அந்தச் சங்கத்தின் மாநாட்டில் பேசிய கனர், தாம் பெற்றோரைக் குற்றமற்றவர்கள் என விடுவிப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார். 1977இல் சூசன் போல்ஸ்ரீனும் மைக்கல் றட்டரும் 21 சோடி இரட்டையர்களை ஆராய்ந்து, பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு என்று காட்டினார்கள். வேலைக்குப் போன தாய், போகாத தாய், கைபேசி பார்த்த தாய், பார்க்காத தாய் என்று எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

லோவாஸ்: சாதனையும் கறையும்

இந்தத் துறையில் மிக அதிகம் பேசப்படும் பெயர் இவார் லோவாஸ். 1927இல் நோர்வேயில் பிறந்தவர். நாசி ஆக்கிரமிப்பின் கீழ்ப் பதின்ம வயதைக் கழித்து, அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றார். 1958இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1961இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம்மைத் தாமே அடித்தும் கடித்தும் காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகளோடு அவர் வேலையைத் தொடங்கினார். பேசாதிருந்த சில பிள்ளைகளைச் சொல் சொல்லாகப் பேச வைத்தார்.

ஆனால் அவர் கையாண்ட வழிகளில் அடியும் மின்னதிர்ச்சியும் இருந்தன. 1965இல் லைஃப் சஞ்சிகையில் வந்த படங்களில் அதை உலகமே கண்டது. பிள்ளையைக் காயத்திலிருந்து காப்பாற்றவே என்று அவர் நியாயம் சொன்னார். பின்னாளில் மின்னதிர்ச்சியைக் கைவிட்டாலும், அந்த வலியைப் பட்டவர்கள் பேச முடியாத சிறுபிள்ளைகள் என்பதை எமது தொழில் மறக்கக்கூடாது. பெண்மை இயல்பு காட்டிய ஒரு சிறுவனை மாற்ற முயன்று 1974இல் வெளியான ஆய்விலும் அவருடைய பெயர் உண்டு. அதையும் நாம் வெட்கத்தோடுதான் வாசிக்கிறோம்.

அவருடைய வாழ்நாளின் பெரிய பாடம் தோல்வி ஒன்றிலிருந்து வந்தது. வைத்தியசாலையில் பயிற்சி பெற்று முன்னேறிய பிள்ளைகள் பின்னர் எப்படி இருக்கிறார்கள் என்று அவரும் சக ஆய்வாளரும் தேடிப் பார்த்து 1973இல் எழுதினார்கள். அரச மனநல நிலையங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் கற்றதை இழந்திருந்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரோடு வீட்டில் இருந்தவர்கள் கற்றதைக் காப்பாற்றி, மேலும் முன்னேறியிருந்தார்கள். அதன் பின் லோவாஸ் வேலையை வீட்டுக்கு மாற்றினார். நான்கு வயதுக்கு முன்பே தொடங்குவது, பெற்றோரையும் சேர்த்துக்கொள்வது, பல்கலைக்கழக மாணவர்களைப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்புவது என்பது புதிய திட்டம்.

1987இல் முடிவுகள் வெளிவந்தன. வாரத்துக்கு 40 மணிநேரம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர், அதாவது 47 சதவீதத்தினர், சாதாரண வகுப்பில் முதலாமாண்டை முடித்து, நுண்ணறிவுச் சோதனையிலும் சாதாரண மட்டத்தை எட்டினார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த 40 பேரில் ஒருவரே அந்நிலையை அடைந்தார். உலகெங்கும் பெற்றோரின் நம்பிக்கை உயர்ந்தது. விமர்சனமும் எழுந்தது: பிள்ளைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, உரத்த 'இல்லை'யும் தொடையில் அடியும் அந்த ஆய்விலும் இருந்தன, அதே அளவு வெற்றியைப் பிறர் காட்டுவது கடினமாயிற்று. 1993இல் கத்தரின் மோறிஸ் என்ற புனைபெயரில் ஒரு நியூயோர்க் தாய் தன் இரு பிள்ளைகளின் கதையை எழுதியபோது, இந்தச் சிகிச்சையைக் கேட்கும் பெற்றோர் தொகை பெருகியது. 1998இல் அமெரிக்காவில் நடத்தைப் பகுப்பாய்வாளருக்குச் சான்றளிக்கும் சபை உருவாகி, இது பரீட்சையும் சான்றிதழும் உள்ள தொழிலாயிற்று. இன்று அதில் பெரும்பான்மையோர் பெண்கள்.

ஒருவழிக் கண்ணாடியின் இரு பக்கமும்

லோவாஸ் பிறந்த அதே 1927இல் ஜேர்மனியில் பிறந்த எரிக் ஷொப்லர், யூதக் குடும்பத்தோடு 1938இல் நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். சிக்காகோவில் படித்த காலத்தில் பெட்டல்ஹைமின் போதனையை அருகிலிருந்தே கண்டார். ஏற்க மறுத்தார். பெற்றோர் மீது சமூகம் சுமத்தும் பழி, தாம் சிறுவயதில் கண்ட இனப்பழியைப் போன்றதே என்று அவருக்குப் பட்டது.

வட கரோலினாவில் அவரும் மனநோய் வைத்தியர் றொபேட் றைக்லரும் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒருவழிக் கண்ணாடியின் பின்னால் தாயை இருத்தி, பயிற்றுநர் பிள்ளையோடு வேலை செய்வதைப் பார்க்கச் செய்தார்கள். பிறகு இடம் மாற்றினார்கள்: தாய் பிள்ளையோடு வேலை செய்வார், பயிற்றுநர் பின்னால் இருந்து பார்ப்பார். தாய்க்குத் தெரிந்ததும் பயிற்றுநருக்குத் தெரியாததும் நிறைய இருந்தன. 1971இல் எழுதிய கட்டுரையில் பெற்றோரை அவர்கள் இணைச் சிகிச்சையாளர் என்று அழைத்தார்கள். பெற்றோரே மாநிலச் சட்டமன்றத்தை நாடிப் போராட, 1972இல் 'டீச்' என்ற திட்டம் மாநிலம் முழுவதற்கும் சட்டத்தால் நிறுவப்பட்டது. அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி ஒட்டுவது, ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம் வைப்பது முதலான வழிகள் அங்கிருந்தே எமது வகுப்பறைகளுக்கு வந்தன. பிள்ளையை மட்டும் மாற்றாமல், சூழலையும் பிள்ளைக்கு ஏற்ப மாற்றவேண்டும் என்பது ஷொப்லரின் நிலை. 2006இல் காலமாகும் வரை அதில் அவர் உறுதியாக இருந்தார்.

மேசையிலிருந்து பாய்க்கு

லோவாஸின் மாணவியாக லொஸ் ஏஞ்சலிஸில் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் லோறா ஷ்றைப்மன். பயிற்சி மேசையில் சொல்லைச் சரியாகச் சொன்ன பிள்ளை, வீட்டில் அதைப் பயன்படுத்தாததை அவரும் அவரது சகாக்களும் கண்டார்கள். றொபேட் கோகல், லின் கோகல் ஆகியோரும் அவரும் வேறு வழி தேடினார்கள். முன்னைய முறையில் பிள்ளை 'பந்து' என்று சொன்னால் இனிப்புக் கிடைக்கும். புதிய முறையில் 'பந்து' என்று சொன்னால் பந்தே கிடைக்கும். விளையாட்டைத் தெரிவு செய்பவர் பிள்ளை. சரியாகச் சொல்லாவிட்டாலும் முயன்றாலே பலன் உண்டு. கண்டிப்பான மேசையும் கதிரையும் தேவையில்லை. பாயில் உட்கார்ந்து செய்யலாம், குசினியில் நின்றும் செய்யலாம்.

இன்னும் இரு பெண்மணிகள் இதே திசையில் மேலும் சென்றார்கள். சாலி ரொஜர்ஸ் டென்வர் நகரில் 1980களில் தொடங்கிய முறையை, ஜெரல்டீன் டோசனோடு சேர்ந்து நடைபயிலும் வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக வளர்த்தார். 2010இல் வெளியான ஆய்வில் 18 முதல் 30 மாத வயதுடைய 48 பிள்ளைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டு முடிவில், இந்த முறையில் பயின்றவர்களின் நுண்ணறிவுப் புள்ளி சராசரியாக 17 அளவில் உயர்ந்தது. மற்றப் பிரிவில் அது 7 அளவில் நின்றது. தட்டுவதோ அதட்டுவதோ இல்லை. சிரிப்பும் பாட்டும் மாறி மாறி விளையாடுவதுமே பாடம். வொட்சன் தடுத்த அணைப்பை அவருடைய துறையின் பேத்திகள் மீட்டெடுத்தார்கள் என்று எம்மிடையே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வளர்ந்தவர்கள் பேசினார்கள்

வரலாற்றை இத்துடன் முடித்தால் அரைவாசியைத்தான் சொன்னவர்களாவோம். 1993இல் ரொறன்ரோவில் நடந்த மாநாட்டில், ஓட்டிசமுடைய ஜிம் சின்கிளேர் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் காக்க வேண்டாம் என்ற கருத்தில் உரையாற்றினார். 2004இல், இந்தச் சிகிச்சைக்கு அரசாங்கம் பணம் தரவேண்டுமா என்ற வழக்கு கனடாவின் அதியுயர் நீதிமன்றத்துக்குப் போனது. தபால் சேவையில் பணியாற்றிய, ஓட்டிசமுடைய மிஷேல் டோசன் அதில் தலையிட்டு, எம்மைப் பற்றித் தீர்மானிக்கும்போது எம்மை ஏன் கேட்கவில்லை என்று வாதிட்டார். அரசு பணம் தரக் கடமைப்படவில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. பெற்றோருக்கு அது பெரும் ஏமாற்றம். ஆனால் டோசனின் கேள்வி நின்றுவிட்டது.

அந்தக் கேள்வி எமது வேலையையும் மாற்றியது. கையைத் தட்டி ஆடுவது, விரலைச் சுழற்றுவது முதலானவற்றை முன்னர் நிறுத்த முயன்றோம். யாருக்கும் தீங்கில்லாதபோது அதை ஏன் நிறுத்தவேண்டும்? அது பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கலாமல்லவா? கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவதால் யாருக்கு நன்மை? பிள்ளையைச் சாதாரணமாகக் காட்டுவதே எமது இலக்கா, அல்லது தனக்கு வேண்டியதைச் சொல்லவும், தன் வேலையைத் தானே செய்யவும், பயமின்றி வாழவும் உதவுவதா? தாய்மாரின் சொல்லைக் கேட்க எமது துறைக்கு இருபது ஆண்டுக்கு மேல் எடுத்தது. அந்தப் பிள்ளைகளின் சொல்லைக் கேட்க அதைவிட நீண்ட காலம் எடுத்தது.

எமது நாட்டில்

இலங்கையில் இந்த வரலாற்றின் ஒரு கிளை உண்டு. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடன் பணியாற்றியோரும், 18 முதல் 24 மாத வயதுடைய 374 பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாக 2009இல் அறிவித்தார்கள். வாரத்துக்கு 40 மணிநேரம் பயிற்றுநர் வைப்பது எமது நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாத காரியம். ஆகவே அவர்கள் வீட்டில் பெற்றோரே செய்யக்கூடிய ஆரம்பப் பயிற்சியைத் தயாரித்து, அதனால் பிள்ளைகளிடம் முன்னேற்றம் ஏற்பட்டதை 2016இல் வெளியிட்டார்கள். டிக்கியின் பெற்றோருக்கும் வட கரோலினாவின் தாய்மாருக்கும் கற்பித்த அதே பாடம், இங்கே வசதி குறைவினாலேயே மையத்துக்கு வந்தது.

இன்றும் தமிழில் இந்தப் பயிற்சியைத் தரக்கூடியவர்கள் போதாது. வேறு மொழியில் எழுதிய வழிகாட்டியைப் பார்த்துத் தமிழ் பேசும் வீட்டுக்கு விளக்கும்போது நாமே தடுமாறுகிறோம். 'அம்மா', 'தா', 'வேண்டாம்' என்ற சொற்களில்தான் எமது பிள்ளையின் பேச்சுத் தொடங்கவேண்டும். எமது கல்லூரியில் இன்று உயர்தரம் படிக்கும் தங்கைமாருக்கு இதைச் சொல்லி வைக்கிறோம். உளவியல், பேச்சுச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை, விசேட கல்வி ஆகிய துறைகளில் உங்களுக்கு இடமுண்டு. மேரி கவர் ஜோன்ஸ் போல ஒரு நல்ல கேள்வியோடு வந்தால் போதும்.

பழைய மாணவிகளிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த ஒன்றுகூடலில், பிள்ளை சத்தம் போடும், மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று பயந்து வராமல் இருக்கும் ஒரு வகுப்புத் தோழியை நினைத்துப் பாருங்கள். தொலைபேசியில் அழைத்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மண்டபத்தில் ஒலிபெருக்கி எட்டாத அமைதியான அறை ஒன்றை ஒதுக்கி வைக்கும்படி செயற்குழுவிடம் நாம் கேட்டிருக்கிறோம், அவர்களும் இணங்கியிருக்கிறார்கள். அங்கே சில விளையாட்டுச் சாமான்களோடு நாங்கள் மாறி மாறி இருப்போம். அந்தத் தாய் தன் வகுப்புத் தோழிகளோடு ஒரு மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும். யாரும் அவரிடம், நீ என்ன பிழை விட்டாய் என்று கேட்காதிருக்கட்டும்.